அய்யர் வீட்டுக்கு வந்தவர்

வாசல் கூட்டுவதைச் சீதாலக்ஷ்மி யாரிடமும் விட்டதில்லை. பாத்திரம் துலக்க வருகிறவள் கொல்லை வழியாகத்தான் வரவேண்டும். அவள் துலக்கிக் கவிழ்த்ததன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்த பிறகே பாத்திரம் சமையலறைக்குள் போகும். வாசல் பக்கம் அவளை விடுவதே இல்லை. அந்த வெள்ளிக்கிழமையும் விடிந்ததும் வாளியும் வாரியலுமாக வந்த சீதாலக்ஷ்மி, கேட்டைத் திறந்தபடி அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு முன்னால் தெருவில் கரித்துண்டுகள் சிதறிக் கிடந்தன. பாதி மிதிபட்டுப் பொடியாகி, தார் போடாத செம்மண்ணில் கறுப்பாகத் தேய்ந்திருந்தன. நடுநடுவே பழுப்பாகச் சாம்பிராணிக் கட்டிகள். சாக்கடை ஓரத்தில் ஒரு மயிற்பீலிக் கட்டு, காம்பு ஒடிந்து. வார் அறுந்த ஒற்றைச் செருப்பு.

நேற்று வியாழக்கிழமை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேற்று முழுக்க அவள் நாங்குநேரியில் இருந்தாள், நாத்தனார் மகளின் சீமந்தத்தில். இருட்டிய பிறகு வந்து சேர்ந்தபோது, கணவர் வைத்தி தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எதிர்வீட்டு வித்யாலக்ஷ்மி பால் பாக்கெட் எடுக்க வந்தவள் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். சின்னப் பெண். ஜாம்ஷெட்பூரில் வளர்ந்து, கல்யாணமாகி, கணவனின் பேங்க் மாற்றலில் திருநெல்வேலிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நான்கு வயதில் ஸ்னேகா என்று ஒரு பெண் குழந்தை.

"மாமி, நேத்திக்கு நீங்க இல்லாமப் போயிட்டேள். பிள்ளை பிடிக்கிறவன் ஒருத்தன் அகப்பட்டான். நம்ம ஸ்னேகாவைத்தான்."

"யார் பிடிச்சா?"

"எல்லாரும்தான். ஸ்னேகா வாசல்ல விளையாடிண்டிருந்தா. உள்ளேயிருந்து பாக்கறேன், ஒரு தாடிக்காரன் அவ தலைமேல கையை வச்சுண்டு மூஞ்சியில ஊதறான். ஒரே புகை. குழந்தை கண்ணுல ஜலம் கொட்டறது. மயக்கப் பொடி மாமி. நான் போட்ட கூச்சல்ல முத்துமாலை சார்தான் முதல்ல வந்தார். அப்புறம் தெருவே வந்துடுத்து. அவன் இடுப்புல கத்தி வேற இருந்துதாம்."

"நீ பார்த்தயா கத்தியை?"

"நான் பார்க்கலை. முத்துமாலை சார் ஆத்துல சொன்னா."

"பச்சைத் தலைப்பாக் கட்டிண்டு, தூபக்கால் வச்சுண்டு, கையில மயில்தோகையோட?"

வித்யாலக்ஷ்மி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம். உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லலை. நான்தான் அவரை வரச்சொன்னேன்."

அந்தப் பெண் பால் பாக்கெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "நீங்க சொன்னவர் வேறயா இருக்கும் மாமி. இவன் அவர் மாதிரி வேஷம் போட்டுண்டு வந்திருப்பான். மாமாகூட அங்கதானே நின்னார். தெரிஞ்சவன்னா மாமா சொல்லியிருக்க மாட்டாரா?"

சீதாலக்ஷ்மி வாசலைத் தெளிக்காமலே உள்ளே போனாள். அவள் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருந்ததில்லை.

சீதாலக்ஷ்மியை நல்ல மாதிரி என்று சொல்ல அந்தக் காலனியில் யாரும் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரைத் தெருவில் பிறந்தவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது, வாய் நிற்கவில்லை. நீர்ப்பாசனப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த வைத்திக்கு வாழ்க்கைப்பட்டு, திருநெல்வேலி டவுனில் ஒண்டுக்குடித்தனமாக இருபது வருஷம் காலம் தள்ளினாள். குழாயடியில் அவளோடு சண்டை போடாத வீடு அந்தத் தெருவில் கிடையாது. யார் எந்தப் படி வரைக்கும் வரலாம், யார் எதைத் தொடலாம் என்று அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அதைத் தன் சொந்த அண்ணனுக்குக்கூட அவள் தளர்த்தியதில்லை. ஆனால் இல்லாததைச் சொன்னாள் என்று அவளோடு சண்டை போட்டவர்களும் சொன்னதில்லை.

மீரா முகைதீனை அவளுக்கு டவுனில் இருந்தபோதே தெரியும். வியாழக்கிழமை சாயங்காலமானால் தூபக்காலில் கனலும் தோளில் சாம்பிராணிப் பையுமாகக் கடை கடையாகப் புகை போட்டுக்கொண்டு வருவார். மகன் சாய்ராம் இரண்டு வயதில் தூக்கத்தில் வீறிட்டு எழுந்து நீலம் பாரித்து அழுதான். டாக்டர் மருந்து கேட்கவில்லை. பக்கத்துக் குடித்தனத்துப் பெண்கள் சொல்லி, வைத்திதான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனார். மீரா முகைதீன் கண்ணை மூடி ஏதோ ஓதி, குழந்தையின் உச்சியில் மூன்று முறை ஊதினார். அழுகை அதனால் நின்றதா, தானாகத்தான் நின்றதா என்பதைப் பற்றிச் சீதாலக்ஷ்மி யோசித்ததில்லை. அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் அவர் அவர்கள் வாசலிலும் நின்றார். ஊதி முடித்ததும் கருப்பட்டிக் காப்பி கொடுப்பாள். அதற்கென்று ஒரு தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவி, அவள் காட்டிய மூலையில் கவிழ்க்க வேண்டும். அவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாளையங்கோட்டைக்குத் தெற்கே வயலைப் பிளாட் போட்டு விற்றபோது வைத்தி ஒன்று வாங்கி வீடு கட்டினார். தொண்ணூற்றைந்தில் குடிவந்தார்கள். காலனியில் எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஆசிரியர், பேங்க், இன்சூரன்ஸ், கூட்டுறவுச் சங்கம். டவுனில் எதிரிக்குக்கூட மூன்று தலைமுறை தெரியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரரின் இனிஷியல்கூடத் தெரியாது. அடுத்த வருஷம் ஆனி மாதம் எங்கிருந்தோ ஒரு பேச்சுக் கிளம்பியது: வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, கிட்னியை எடுத்து விற்கிறார்களாம். எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனாலும் கேட்டுகளுக்கெல்லாம் பூட்டு வந்தது. அதுவரை ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்காதவர்கள் முனையில் கூடி நின்று பேச ஆரம்பித்தார்கள். காலனி ஒரு ஊராக ஆனது அந்த மாதத்தில்தான்.

அந்தச் சமயத்தில்தான் சீதாலக்ஷ்மி டவுன் கடைத்தெருவில் மீரா முகைதீனைப் பார்த்தாள். "புது வீட்டுல ஒரே பூரானும் தேளுமா இருக்கு. அடுத்த வியாழக்கிழமை வந்து புகை போட்டுட்டுப் போம்" என்றாள். "அம்புட்டுத் தூரமா மாமி" என்று அவர் தயங்கினார். "பஸ் இருக்கு, வாரும்" என்று அடையாளம் சொன்னாள். பிள்ளையார் கோயிலிலிருந்து மூன்றாவது வீடு, பச்சைக் கேட்டு. சொல்லிவிட்டு, சீமந்தம் வந்ததும் அதை மறந்துபோனாள்.

வைத்தி கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஏன்னா, மீரா முகைதீன் வந்தாராமே நேத்திக்கு."

கத்தி கன்னத்தில் நின்றது. அவர் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"வந்தானா என்னவோ. நான் வெளியில வரச்சேயே ஒரே கூட்டம்."

"உங்களைப் பார்த்தாரா?"

"பார்த்தான்."

"என்ன சொன்னார்?"

வைத்தி சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டார். பாதி முகம் மழித்தும் பாதி மழிக்காமலும் இருந்தது. "சாமி, சொல்லுங்க சாமின்னான். அய்யர் வீட்டுக்குத்தான் வந்தேன்னு கத்தினான். தலைவர் குற்றாலலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கு இவனைத் தெரியுமா சார்னு கேட்டார்."

"நீங்க தெரியாதுன்னேளா?"

"தெரியாதுன்னு சொல்லலை. ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லாட்டா அவா என்னன்னு எடுத்துப்பா?"

"எத்தனை பேர் இருந்தா தெரியுமோ உனக்கு? முத்துமாலை கையில பந்தல் கட்டை. தெருநாய்க்கு பிஸ்கட் போடற மனுஷன், அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே."

"பயந்துட்டேளா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அவர் சொல்லியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள். பயந்த சுபாவம் என்று தெரிந்துதான் அவரோடு குடித்தனம் நடத்தினாள். ஆபீசில் கால்வாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊர்க்காரர்கள் வந்து மேஜையைத் தட்டினால், இரண்டு பேரிடமும் தலையை ஆட்டி அனுப்புகிறவர் அவர். ஆனால் வைத்தி துவாலையை மடித்துக்கொண்டே வேறொன்று சொன்னார்.

"பயம்னு இல்லை சீதா. எப்படிச் சொல்றது. எல்லாரும் பிள்ளை பிடிக்கிறவன், பிள்ளை பிடிக்கிறவன்னு கத்தினாளா, அந்த நேரத்துல எனக்கே அவன் அப்படித்தான் தெரிஞ்சான். அந்தத் தாடி, அந்தக் கண்ணு. இவனை எப்படி நம்ம குழந்தையைத் தொட விட்டோம்னுதான் தோணித்து."

அவள் அவரையே பார்த்தாள். "இப்போ?"

"இப்போ பார்த்தா பாவமாத்தான் இருக்கு."

மத்தியானம், போலீஸ் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்த பெரியாஸ்பத்திரிக்கு அவள் தனியாக பஸ் ஏறிப் போனாள். மீரா முகைதீன் வார்டின் கோடியில் கிடந்தார். இடது கையில் மாவுக்கட்டு. ஒரு கண் திறக்கவில்லை. தாடியில் ஒரு பக்கம் பிடுங்கப்பட்டுத் தோல் சிவந்து தெரிந்தது. கால்மாட்டில் ஸ்டூலில் ஒரு போலீஸ்காரர். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து மீரா முகைதீனின் மனைவி ஜுபைதா பீவி உட்கார்ந்திருந்தாள். சீதாலக்ஷ்மி அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நான் டவுன்ல இருந்த..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். அய்யர் வீட்டு மாமி" என்றாள் ஜுபைதா பீவி. எழுந்திருக்கவில்லை. "பாக்க வந்தியளா? பாத்துக்கிடுங்க. அந்தப் பக்கமா வந்து பாத்தா இன்னும் நல்லாத் தெரியும்."

மீரா முகைதீன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். "அடையாளம் சரியாத்தான் சொன்னிய மாமி. பச்சைக் கேட்டு" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஊர்லயே இல்லை" என்றாள் சீதாலக்ஷ்மி.

"ஊருல இருந்த உங்க வீட்டு மனுசரு என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க." ஜுபைதா பீவியின் குரல் ஏறவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "இவுக ஊதி எழுப்பின பிள்ளை இன்னைக்கி மெட்ராஸுல வேலை பாக்குதாம்லா. அதோட வாப்பா கண்ணு முன்னால இவுகளப் போட்டு மிதிக்காங்க. தெரியாத மாதிரி நிக்காரு. கூப்பிட்டது நீங்க. அடி வாங்கினது இவுக. கேசும் இவுக மேலதான். கேட்டியளா, பிள்ளையத் தூக்க வந்தாகளாம்."

சீதாலக்ஷ்மி கொண்டுவந்திருந்த சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்தாள். ஜுபைதா பீவி அதை எடுத்துத் தரையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"இவுகளுக்குன்னு தனி டம்ளரு வச்சிருந்தியளாமே. புது வீட்டுக்கும் கொண்டு போயிட்டியளா?"

போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

"கொண்டுபோனேன்" என்றாள் சீதாலக்ஷ்மி. "பின்பக்கம் மாடக்குழியில இருக்கு."

இந்தப் பதிலை ஜுபைதா பீவி எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய்யாவது சொல்லுவியன்னு நெனச்சேன்" என்றாள்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"உங்ககிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க சொன்னா எடுபடாதாம், இந்தா இந்த ஐயாதான் சொன்னாரு. நீங்க அங்கன இல்ல. உங்க வீட்டு மனுசரு வாயத் தொறந்து, இவுகளத் தெரியும், எங்க வீட்டுக்குத்தான் வந்தாகன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அம்புட்டுத்தான். சொல்லாட்டி இவுகள இங்கனயிருந்து நேரா ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவாங்க."

போலீஸ்காரர் தொண்டையைச் செருமினார். "கம்ப்ளைன்ட் குடுத்தவங்க அப்படித்தாம்மா சொல்லுதாங்க. அந்த வீட்டு அய்யரே ஆளத் தெரியாதுன்னுட்டாருன்னு. திங்கக்கிழம காலைல இன்ஸ்பெக்டர் ஐயா அங்க வந்து விசாரிக்காரு. அப்பச் சொன்னா உண்டு."

அவள் சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதை விட்டுவிட்டு வந்திருந்தால் அவர்கள் எறிந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் காலனி முழுக்கப் பரவியிருந்தது. அய்யர் வீட்டம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். பழம் வாங்கிக்கொண்டு போனாள். அவள்தான் அவனை வரவழைத்தாளாம். கடைசிச் செய்தி வித்யாலக்ஷ்மி வாயிலிருந்து கிளம்பியபோது அவ்வளவுதான் இருந்தது. முனைக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, எந்த வீட்டில் எத்தனை குழந்தை என்று அவள் அவனுக்குச் சொல்லியனுப்பினாள் என்று ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. காலனிக்கு ஒரே ஆழ்குழாய்க் கிணறு. தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுவார்கள். வால்வு திறக்கிறவனைப் போய்க் கேட்டாள்.

"உங்க லைனுல ரிப்பேரும்மா" என்றான்.

"எதிர்வீட்டுல தொட்டி வழியறதே. அது என் லைன்தானே?"

"சாவி தலைவரு வீட்டுல இருக்கு. அவருகிட்டக் கேளுங்க. என்னைய ஏன் இழுக்கிய."

கோலத்தின்மேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தி எடுத்திருந்தார்கள். பூக்காரி அந்த வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் போனாள். ஸ்னேகா வழக்கம்போல "மாமிப் பாட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டினாள். வித்யாலக்ஷ்மி ஓடிவந்து குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் அது விழுந்து அழுதது. சாயங்காலம் பார்த்தால் சுற்றுச்சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: அய்யர் வீடா, ஆள் பிடிக்கிற வீடா.

வைத்தி ஒரு வாளித் தண்ணீரைக் கடன் வாங்கி வந்து, எழுத்தை அழித்தார். "இது எங்க கொண்டுவிடப் போறதுன்னு உனக்குப் புரியறதா?" என்றார். "பெத்த பிள்ளையைத் தவிர நமக்கு இங்க யார் இருக்கா? நாளைக்கு ஒரு நெஞ்சுவலின்னா இவாதான் ஆட்டோ பிடிக்கணும்."

"உங்களுக்கு நெஞ்சுவலி வந்தா நான் பிடிக்கறேன் ஆட்டோ."

"முத்துமாலைக்கு வேலை போயிடும். ரெண்டு பொண்ணு அவருக்கு. குற்றாலலிங்கம் சொன்னார். அந்த ஆள் பேர்ல கேஸ் நிக்கலைன்னா, அடிச்சதா இவா பேர்ல திரும்பிடுமாம்."

"அடிச்சாளா இல்லையா?"

"அடிச்சா. யார் இல்லைன்னா? ஆனா வேணும்னு அடிச்சாளா?"

"நீங்க திங்கட்கிழமை என்ன சொல்லப்போறேள்?"

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் காலனிச் சங்க அறையில் கூட்டம். பிள்ளையார் கோயிலை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. வைத்தி போன பிறகு சீதாலக்ஷ்மி கொஞ்ச நேரம் சமையல் செய்தாள். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு அவளும் போனாள்.

உள்ளே குற்றாலலிங்கம் பேசிக்கொண்டிருந்தார். மரக்கடை வைத்திருந்தவர். உரத்த குரல், நல்ல மனசு என்று பெயர். காலனிக்கு மின்சாரக் கம்பம் கொண்டுவந்தது அவர்தான். சங்கத் தலைவரும் அவரே.

"இன்ஸ்பெக்டர் கேட்டா எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும். ஆளுக்கு ஒரு கதை விட்டியன்னா மாட்டிக்கிடுவோம். மொதல்ல யாரு பாத்தது? அந்தப் பிள்ளையோட அம்மா. பிள்ளையத் தூக்கிச் சாக்குல போடப் போனான். சரியா?"

"சாக்கு இருந்துதா அண்ணாச்சி?" என்றார் ஒருவர்.

"தோளுல கெடந்தது பின்ன என்னவே, பூணூலா?"

சிரித்தார்கள். வைத்தியும் கொஞ்சம் சிரித்தார்.

"இடுப்புல கத்தி" என்றார் முத்துமாலை. கூட்டுறவுச் சங்க குமாஸ்தா, ஒல்லியான ஆள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. கட்டை பிடித்த கை. "நான் கிட்ட போகயில இடுப்புல கைய வச்சான். நான் என் கண்ணால பாத்தேன்." அவர் பொய் சொல்கிறவர் மாதிரித் தெரியவில்லை. மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கத்தி அவருக்கே நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது.

ரிட்டயர்டான தலைமையாசிரியர் அப்பாத்துரை மெதுவாகக் கையைத் தூக்கினார். "நான் கத்தியப் பாத்ததா ஞாபகம் இல்லையே."

"நீங்க பிந்தித்தான சார் வந்திய" என்றார் குற்றாலலிங்கம்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாத்துரை கையை இறக்கிக்கொண்டார். "ஆமா. நான் பிந்தித்தான் வந்தேன்" என்றார்.

அப்போதுதான் வாசலில் நின்ற சீதாலக்ஷ்மியைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"வாங்க மாமி" என்றார் குற்றாலலிங்கம். "சார்தான் வந்திருக்காரே, நீங்க எதுக்கு வெயில்ல."

"தண்ணி வரலை. சமையல் ஆகலை. அதான் வந்தேன்" என்றாள். உள்ளே வந்து, நாற்காலி காலியாக இருந்தும் உட்காராமல் நின்றாள். "அந்த மனுஷர் பேர் மீரா முகைதீன். டவுன்ல கடைக்காராளைக் கேட்டா சொல்லுவா. நான்தான் வீட்டுக்குப் புகை போட வரச்சொன்னேன். அவர் தோள்ல இருந்தது சாம்பிராணிப் பை. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் தலையில ஊதறது அவர் வழக்கம். புகைக்குக் கண்ணுல ஜலம் வரத்தான் வரும்."

"சாயபு மேல மாமிக்கு அம்புட்டுப் பிரியம்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"எனக்கு அவர் மேலயும் பிரியம் இல்லை, உங்க மேலயும் பிரியம் இல்லை" என்றாள். "அவர் என் சொம்பைத் தொட்டா நான் புளி போட்டுத் தேய்ப்பேன். அதுக்காக, வரச்சொன்னவரைத் திருடன்னு சொல்ல மாட்டேன்."

"அப்பம் எங்களையெல்லாம் ஜெயிலுக்கு அனுப்பலாம்ங்கியளா?" முத்துமாலை எழுந்துவிட்டார். "இருட்டுல விளக்கில்லாம தெருவக் காத்தது நாங்க. உங்க வீட்டுக்கும் சேத்துத்தான் காவல் காத்தோம். இன்னைக்கி எவனுக்கோ வக்காலத்து வாங்க வந்துட்டிய. உங்க பிள்ளைன்னா இப்பிடிப் பேசுவியளா?"

"என் பிள்ளைக்குத்தான் அவர் ஊதினார்."

"இரும்வே முத்துமாலை, உக்காரும்." குற்றாலலிங்கம் கையமர்த்தினார். குரலைப் பைய இறக்கிக்கொண்டார். "மாமி, நீங்க சொல்லுதது வாஸ்தவமாவே இருக்கட்டும். நீங்க வரச்சொன்ன ஆளு வந்திருப்பான். இவன் அவன்தானா? நீங்க அன்னைக்கி ஊர்லயே இல்லையே. அங்கன நின்னது சார். நான் எல்லாருக்கும் முன்னால அவருகிட்டக் கேட்டேன். தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க கைய எடுத்திருப்போம். சார் சொல்லலை. அப்பம் நாங்க என்ன நெனைக்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்று சீதாலக்ஷ்மிக்குத் தெரிந்தது. குற்றாலலிங்கம் அன்று பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

எல்லா முகங்களும் வைத்தியின் பக்கம் திரும்பின. அவர் இரண்டாவது வரிசையில், அப்பாத்துரைக்கும் முத்துமாலைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். முத்துமாலை உட்கார்ந்து, துணி சுற்றிய கையை அவர் தோளில் வைத்தார். மிரட்டுகிற மாதிரி இல்லை, வெகுநாள் சிநேகிதனைப் போல.

"சாருக்கு எங்களத் தெரியும். சாரு நம்ம ஆளு" என்றார்.

சீதாலக்ஷ்மி கணவரை மட்டும் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அவரிடம் எதுவும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவரிடம் அவளுக்கு வாய் வீட்டுக்குள்தான்.

"ஏன்னா, வியாழக்கிழமை அடிபட்டவரை உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வைத்தி மேல்துண்டின் நுனியை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார். அப்பாத்துரை தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் வெயில் ஏறி எங்கோ ஒரு ஆணி சடசடத்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர வரைக்கும் என்னால காத்துண்டிருக்க முடியாது" என்றாள். "நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். நான் சொன்னா எடுபடாதுன்னு தெரியும். நான் வரச்சொன்னதை மட்டும் சொல்லிட்டு வரேன். மிச்சத்தை நீங்கதான் சொல்லணும். என்னோட வரேளா?"

முத்துமாலையின் கை வைத்தியின் தோளிலேயே இருந்தது. வைத்தி அதைத் தள்ளவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. யாரோ இருமினார்கள். அவள் இன்னும் சற்று நின்றாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழிவிட்டு ஒதுங்கியவர்களைத் தாண்டி, வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.